புள்ளிக் கோடு

ஒரு கோடு சில வாரங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. பழைய ஸ்காட்லாந்து வரலாற்று நூல் ஒன்றின் பின்னட்டைக்கு முன்னால், நான்காக மடித்துத் தைத்திருந்த தாளில் பேலியல் குடும்பத்தின் குலமுறையை அச்சிட்டிருந்தார்கள். மெல்ல விரித்தேன். மடிப்பு முறிந்த இடத்தில் மை உதிர்ந்து, இரண்டு பெயர்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது. பழைய தாளின் புளித்த வாசனை விரல்களில் ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரித் தாள்களைப் படிக்கக் கண்ணுக்கு ஒரு பழக்கம் வேண்டும். கணவன் மனைவிக்கு நடுவில் சமக்குறி. பிள்ளைகளுக்கு மேலிருந்து இறங்கும் ஒற்றைக் கோடு. முறையான மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால் புள்ளிக் கோடு. கேலோவேயின் பிரபு ஆலன் என்ற பெயரின் கீழே மூன்று கோடுகள் அழுத்தமாக இறங்கி மூன்று மகள்களைத் தொடுகின்றன. அவற்றுக்கு வலப்புறம், தாளின் விளிம்பை ஒட்டி, புள்ளிப் புள்ளியாக நாலாவது ஒன்று இறங்கித் தாமஸ் என்ற பெயரில் போய் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் தாள். மகள்களில் ஒருவரான டெவோர்கில்லாவின் பெயருக்குக் கீழேயோ கோடுகள் கிளைத்துக் கிளைத்து இரண்டு அரசர்கள் வரை போகின்றன. இறந்துபோன கணவரின் இதயத்தைத் தந்தப் பேழையில் வைத்து 22 ஆண்டுகள் தன்னோடு கொண்டுபோனவர் இந்த டெவோர்கில்லா. அந்தக் கணவருடைய குடும்பக் கோட்டையில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர் தாமஸ். இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். இரண்டு செய்திகளும் தனித்தனியாக எனக்கு முன்பே தெரிந்தவைதான். ஒரே தாளில், நான்கு விரற்கடை இடைவெளியில் அந்த இரண்டு பெயர்களையும் பார்த்தபோதுதான் ஏதோ தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கேலோவே ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலை. சேற்று நிலமும் கருங்கல் மேடும் கடல் உள்ளே நுழைந்து வெளியேறும் கழிமுகங்களும் உள்ள நாடு. அங்கே பேசிய மொழி கேலிக். அரசருக்கு அடங்கியும் அடங்காமலும் தனக்கென்று ஒரு வழக்கத்தோடு வாழ்ந்த மக்கள். ஆலன் அந்த நாட்டின் கடைசிப் பெரிய பிரபு. சொந்தக் கப்பற்படை வைத்திருந்தவர், ஸ்காட்லாந்து அரசின் கான்ஸ்டபிள். 1215இல் இங்கிலாந்து அரசர் ஜான் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டாவின் முகப்பில், அரசருக்கு ஆலோசனை சொன்னவர்களின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. 1234இல் அவர் இறந்தபோது முறைப்படி பிறந்த மகன் உயிரோடு இல்லை. மகள்கள் மூவர். மூத்தவர் ஹெலன் வின்செஸ்டர் கோமகன் ரோஜர் டி குயின்சியின் மனைவி. அடுத்த தாரத்தின் பிள்ளைகள் கிறிஸ்டினாவும் டெவோர்கில்லாவும். டெவோர்கில்லா அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தின் வடக்கில் டீஸ் ஆற்றங்கரைக் கோட்டைக்கு உரிய ஜான் பேலியலை மணந்திருந்தார். ஸ்காட்லாந்து அரசவையின் சட்டம் தெளிவாக இருந்தது: மகன் இல்லையென்றால் மகள்களுக்குச் சம பங்கு. மகளின் பங்கு என்றால் நடைமுறையில் மருமகனின் பங்கு. ஒரு நாடு மூன்று துண்டாகி, மூன்றும் வெளியூர் மாப்பிள்ளைகளின் கைக்குப் போகும்.

மக்கள் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குத் தாமஸ் இருந்தார். முறைமணத்தில் பிறக்காதவர் என்பது அரசவையின் சொல், திருச்சபையின் சொல். கேலோவேயின் பழைய வழக்கத்தில் அது ஒரு தடையே இல்லை. தகப்பன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டால் பிள்ளைதான். தாமஸுக்கு மேன் தீவின் அரசர் தன் மகளையே கொடுத்திருந்தார். ஆலன் தன் மகன் என்று ஊரறிய நிறுத்திய ஒருவருக்குத்தானே ஓர் அரசர் பெண் கொடுப்பார்? நம் மொழியில் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. உறவுக்கும் பங்குக்கும் அதில் இடைவெளியே இல்லை, ஒன்றைச் சொன்னால் மற்றது வந்துவிடும். மகளைக் கட்டியவரை நாம் பங்காளி என்று சொல்வதில்லை, அவர் மாப்பிள்ளை. கேலோவே மக்கள் மனத்தில் இருந்த கணக்கும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். பெண்களுக்குப் பங்கு மறுத்த வழக்கம் அது என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றும் தடுமாற்றம். ஆனால் அவர்கள் கேட்டது ஒன்றே: நிலத்தைப் பிரிக்காதீர்கள். அரசர் இரண்டாம் அலெக்சாண்டரிடம் போய், வேண்டுமானால் நீங்களே எங்களுக்குப் பிரபுவாக இருங்கள், நாட்டை மட்டும் கூறு போடாதீர்கள் என்று முறையிட்டார்கள். அரசர் மறுத்தார். 1235இல் சண்டை மூண்டது. சதுப்பு நிலத்தில் அரசருடைய படை சிக்கித் திணறியபோது வடக்கே ராஸ் நாட்டுக் கோமகன் ஃபர்குஹார் வந்து காப்பாற்றினார். தாமஸ் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய் ஆட்களோடு திரும்பினார். அதுவும் எடுபடவில்லை. நம்பி வந்த அயர்லாந்துக்காரர்களில் பலர் கிளாஸ்கோ அருகே ஊர்மக்கள் கையால் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். தாமஸ் சரணடைந்தார். கொஞ்ச நாளில் அவரை ஜான் பேலியலின் பொறுப்பில் விட்டார்கள். டீஸ் ஆற்றின்மேல் நிற்கும் பார்னார்ட் கோட்டையில், தள்ளாத முதுமை வரை அவர் கிடந்தார் என்று லானர்காஸ்ட் மடத்தின் வரலாற்றேடு ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறது.

அந்த ஒரு வரியிலிருந்து என்னால் அவ்வளவு சுலபமாக அடுத்ததற்குப் போக முடியவில்லை. பார்னார்ட் கோட்டை ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. கீழே டீஸ் கற்களில் மோதிக்கொண்டு ஓடும். மலைநாட்டு மழையில் பழுப்பேறிய தண்ணீர் அது, கொதிக்கவைத்த தேயிலைச் சாற்றின் நிறம். பிரான்சின் பிகார்டிப் பகுதியில் பேயல் என்ற சிற்றூரிலிருந்து வந்த குடும்பம் இவர்களுடையது. 1090களில் கை என்பவருக்கு இங்கிலாந்து அரசர் கொடுத்த நிலம், அவருக்குப் பின் வந்த பெர்னார்ட் கட்டிய கோட்டை, அந்தப் பெர்னார்டின் பெயரே கோட்டைக்கும் ஊருக்கும் ஆயிற்று. நேர்வழி அற்றுப்போன ஒரு சமயத்தில் பிகார்டியிலிருந்து ஓர் ஒன்றுவிட்ட உறவினர் வந்து பேலியல் என்ற பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு நிலத்தில் அமர்ந்தார். அவர் வழியில் வந்தவர்தான் டெவோர்கில்லாவின் கணவர். ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகி, குடும்பத்து ஆள் பெயர் ஊர்ப்பெயராகி, கடைசியில் பெயர்தான் நிலம், நிலம்தான் பெயர் என்று ஆகிவிட்டது. நிலத்தோடு வந்த பெயரை எங்கிருந்தோ வந்த ஒருவர் எடுத்துச் சூடிக்கொள்ளலாம், தாளில் அவருக்கு நேர்கோடு. நிலமில்லாதவன் பெற்ற தகப்பனின் பெயரைச் சொன்னாலும் அவனுக்குப் புள்ளிக் கோடு.

டெவோர்கில்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் என் தொந்தரவு தீர்ந்துவிடும். அதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை. 1268இல் ஜான் பேலியல் இறந்தார். அவருடைய இதயத்தை எடுத்துப் பதப்படுத்தி, வெள்ளியால் பூட்டிய தந்தப் பேழையில் வைத்து டெவோர்கில்லா எங்கு போனாலும் உடன் கொண்டுபோனார். பந்தியில் அமரும்போது பேழையைத் தன் பக்கத்தில், கணவர் இருக்கவேண்டிய இடத்தில் வைப்பாராம். உயிரோடிருப்பவருக்குப் பரிமாறுவதுபோல் அதன்முன் உணவு பரிமாறி, பிறகு அந்தப் பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்வாராம். ஸ்காட்லாந்தின் பழைய வரலாற்றுக் கவிஞர் ஒருவர் சொல்லி வைத்த செய்தி இது. 1273இல் கேலோவேயின் கிழக்கு விளிம்பில், கிரிஃபெல் மலையின் அடியில், சிஸ்டர்சியன் துறவிகளுக்கு ஒரு மடம் கட்டினார். ரத்தச் சிவப்பான மணற்கல். இன்று கூரை கிடையாது, புல்தரையில் செந்நிறத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மழை பெய்து ஓய்ந்தால் கல் இன்னும் அடர்ந்து சிவக்கும். மடத்தைச் சுற்றி எழுப்பிய மதில் வேறு கல்: வயலில் கிடந்த பெரும் கருங்கற்களை அப்படியே தூக்கி வைத்து அடுக்கியது, ஒவ்வொன்றும் ஒரு மாட்டின் பருமன். 1290 ஜனவரியில் அவர் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள், பேழையை நெஞ்சின்மேல் வைத்து. துறவிகள் அந்த மடத்தை இனிய இதயம் என்ற பொருளில் டுல்சே கோர் என்று அழைத்தார்கள். இன்றும் அது ஸ்வீட்ஹார்ட் மடம்தான்.

ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியை இந்தக் குடும்பத்தின் பெயரால் அறிந்தவர்கள் பலர் இருப்பார்கள். டரம் ஆயரோடு ஏற்பட்ட தகராறுக்குப் பரிகாரமாக, ஏழை மாணவர்களைப் பராமரிக்கும்படி ஜானுக்கு விதிக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு அதை அப்படியே விட்டிருந்தால் ஒரு தலைமுறையில் மறைந்திருக்கும். 1282 ஆகஸ்டில் டெவோர்கில்லா தன் கேலோவே நிலத்தில் உள்ள பூட்டில் கோட்டையிலிருந்து அதற்கு ஒழுங்குவிதிகள் எழுதிக் கொடுத்து முத்திரையிட்டார். அந்த முத்திரையின் படத்தை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையும் கூர்ந்த நீள்வட்ட மெழுகு. நடுவில் முக்காடிட்ட விதவையாக அவரே நிற்கிறார். ஒரு கையில் பேலியல் குடும்பத்தின் கேடயம், மறு கையில் கேலோவேயின் சிங்கம் பொறித்த கேடயம். இரண்டு பக்கமும் கொடியில் காய்த்ததுபோல் மேலும் இரண்டு கேடயங்கள் தொங்குகின்றன. கதிர்க்கட்டு பொறித்தது செஸ்டர் கோமகனுக்கு உரியது, கீழ்நோக்கிக் கூர்ந்த பட்டைகள் உள்ளது ஹண்டிங்டனுடையது. கணவர் வழி, தகப்பன் வழி, தாய் வழி, தாயின் உறவு வழி. குலமுறையைக் கொடிவழி என்று சொல்லும் நம் வழக்கம் அந்த மெழுகைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் நினைவு வரும். தாளில் மரமாகத் தலைகீழாகத் தொங்கும் ஒன்று, இங்கே ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிப் படர்ந்திருக்கிறது. நான்கு வழி நிலமும் அந்த ஒரு உடம்பில் வந்து சேர்கின்றன. அவர் விரல்கள் கேடயங்களை மேலே பிடித்திருக்கும் விதத்தில் பெருமிதம் இருக்கிறதா, பாரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஒவ்வொரு மாதிரித் தோன்றும். அந்த முத்திரையை அவர் அழுத்திய நாளில் பார்னார்ட் கோட்டையில் தாமஸ் அடைபட்டு 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காலத்தின் வழக்கம் அது என்று சொல்லலாம். அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். கலகம் செய்தவனை அடைத்து வைப்பது அந்த நூற்றாண்டில் கருணையின் பக்கமே சேரும், கண்ணைப் பிடுங்கும் வழக்கமும் இருந்தது, கேலோவே குடும்பத்துக்குள்ளேயே அப்படி நடந்திருக்கிறது. ஆலனின் பாட்டன் உக்ட்ரெட் 1174இல் தன் சகோதரனின் ஆட்களால் சிதைக்கப்பட்டுத்தான் செத்தார். தவிர, தாமஸ் அரசருடைய கைதி. சாவி டெவோர்கில்லாவின் இடுப்பில் இருக்கவில்லை. மணமானபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. கணவர் போன பிறகு கோட்டை மகன்களின் சொத்து. எல்லாம் சரி. இந்த வாதங்களை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றையும் மறுக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி போகமாட்டேன் என்கிறது. பெரிய வீட்டில் ஒரு கைதி இருந்தால் அவனுக்கு நாள்தோறும் யாராவது அப்பம் கொண்டுபோக வேண்டும், குளிர்காலத்தில் வைக்கோல் மாற்ற வேண்டும், காய்ச்சல் வந்தால் மேலே வந்து சொல்ல வேண்டும். 60 ஆண்டுகள் என்றால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். அடுக்களைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியிருப்பார்கள். புதிதாக வந்த ஒரு சமையற்காரச் சிறுவன் கீழே இருப்பவர் யார் என்று கேட்டிருப்பான். அம்மாவுடைய அண்ணன் தம்பி முறை என்று யாராவது தாழ்ந்த குரலில் பதில் சொல்லியிருப்பார்கள். குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தானே வளர்ந்தார்கள்? அவர்கள் அவரை என்ன முறை வைத்துச் சொல்லியிருப்பார்கள்? தமிழில் நினைப்பதால் எனக்கு மாமா என்ற சொல்தான் வருகிறது. அந்தச் சொல் வந்ததும் கோட்டையின் தரை சற்று ஆடுகிறது.

குலமுறைத் தாள் பிறப்பால் வளர்வது என்று நாம் நினைக்கிறோம். இந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க, அது சாவால் செதுக்கப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. டெவோர்கில்லாவின் தாய் மார்கரெட், ஹண்டிங்டன் கோமகன் டேவிட்டின் மூத்த மகள். டேவிட், அரசர் சிங்க வில்லியத்தின் தம்பி. அரச குருதி இந்த வழியில்தான் வருகிறது. ஆனால் டேவிட்டுக்கு மகன் ஜான் இருந்தார், அவர் 1237இல் பிள்ளையில்லாமல் இறந்தார். மார்கரெட்டுக்கு டெவோர்கில்லாவைவிட மூத்த மகள் கிறிஸ்டினா இருந்தார், அவர் 1246இல் பிள்ளையில்லாமல் இறந்தார். டெவோர்கில்லாவின் மகன்கள் ஹ்யூ, ஆலன், அலெக்சாண்டர் மூவரும் வாரிசு இல்லாமல் தாய்க்கு முன்னே போனார்கள். மிஞ்சியவர் கடைக்குட்டி ஜான். அரண்மனையிலும் அதேபோல ஒரு வரிசை: மூன்றாம் அலெக்சாண்டரின் மூன்று பிள்ளைகளும் 1281க்கும் 1284க்கும் இடையில் இறந்தார்கள். 1286 மார்ச்சில், புயலடித்த ஓர் இரவில் இளம் மனைவியைப் பார்க்கப் போன அரசர் கிங்ஹார்ன் அருகே குதிரையோடு தவறி விழுந்து இறந்தார். மிச்சம் நார்வேயில் இருந்த பேத்தி, சிறு குழந்தை. 1290 செப்டம்பரில் கப்பலில் வந்தவள் ஆர்க்னி தீவுகளில் இறந்துபோனாள். இத்தனை பேர் போன பிறகுதான் பேலியல் கோடு தாளின் நடுவுக்கு வருகிறது. டெவோர்கில்லா அதைப் பார்க்க இல்லை, எட்டு மாதம் முன்பே போய்விட்டார். பிள்ளையின்றி இறந்தார் என்பதற்கு இலத்தீனில் மூன்று எழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு, இப்படிப்பட்ட தாள்களில் பெயருக்குப் பெயர் அது வரும். ஒரு கையால் அவற்றை மட்டும் மூடிக்கொண்டு பார்த்தால், தாளில் எஞ்சும் கோடு ஏதோ விதிக்கப்பட்டதுபோல் நேராகத் தெரியும். கையை எடுத்ததும் அந்த நேர்த்தி குலைந்துவிடும்.

பிறகு நடந்த பெரும் வழக்கைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் நடுவர், அரியணை கேட்டு வந்தவர்கள் 13 பேர், தீர்ப்புக்குத் துணை நின்றவர்கள் 104 பேர், அவர்களில் டெவோர்கில்லாவின் மகன் ஜான் பேலியல் தேர்ந்தெடுத்தவர்கள் 40, எதிராளி ராபர்ட் புரூஸ் தேர்ந்தெடுத்தவர்கள் 40. புரூஸ் எண்பதை எட்டிய கிழவர். அவர் வாதம், நான் கோமகன் டேவிட்டின் பேரன், பேலியல் கொள்ளுப்பேரன், எனவே நானே ஒரு படி நெருக்கம் என்பது. பேலியல் வாதம், நான் மூத்த மகளின் வழி, புரூஸ் அடுத்த மகள் இசபெல்லாவின் வழி என்பது. ஹாலந்துப் பிரபு ஃப்ளோரிஸ் ஒரு பத்திரம் பற்றிச் சொன்னார்: டேவிட் தன் உரிமையையே முன்பு விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று. அதைத் தேட 10 மாதம் வழக்கு நிறுத்தப்பட்டது. உரிய நேரத்தில் பத்திரம் வரவில்லை. பின்னால் வெளிவந்த படிகள் புனைவு என்பதே பெரும்பாலோர் முடிவு. இதெல்லாம் சுவையான செய்திதான், ஆனால் என் கண் ஓரிடத்தில்தான் நிற்கிறது. மூன்றாவது மகள் ஏடாவின் வழிவந்த ஹேஸ்டிங்ஸ் கேட்டார்: மகள்கள்தானே வாரிசு? மகள்களுக்குச் சம பங்குதானே சட்டம்? அப்படியென்றால் நாட்டை மூன்றாகப் பிரியுங்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் புரூஸும் அந்தப் பக்கம் சாய்ந்து மூன்றில் ஒரு பங்கு கேட்டார். பேலியல் தரப்பு நின்று சொன்னது: ஒரு நாட்டைப் பிரிக்க முடியாது, அது முழுசாக ஒருவரிடம்தான் போக வேண்டும். 1292 நவம்பர் 17ஆம் நாள் பெர்விக் கோட்டையில் அப்படியே தீர்ப்பாயிற்று. பிரிக்காதீர்கள். இந்தச் சொல்லை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 57 ஆண்டுகளுக்கு முன்பு கேலோவேயின் சதுப்பு நிலத்தில் அதைச் சொன்னவர்களைத்தான் வெட்டினார்கள், அதற்காக நின்றவரைத்தான் பேலியல் கோட்டையில் அடைத்தார்கள். கேலோவேயைப் பிரித்ததால் கிடைத்த பங்கு பேலியலின் செல்வம், ஸ்காட்லாந்தைப் பிரிக்க முடியாது என்பதால் கிடைத்தது பேலியலின் முடி. பெர்விக்கில் வழக்குரைஞர்கள் அந்த வாதத்தை அடுக்கிய நாட்களில் தாமஸ் உயிரோடுதான் இருந்தார், அந்தக் குடும்பத்தின் கோட்டையில்தான் இருந்தார். அங்கே இருந்த யாருக்காவது அவர் நினைவு வந்ததா?

ஒருவருக்கு வந்தது, அதுவும் நான்கு ஆண்டு கழித்து. வந்தது எட்வர்ட் அரசருக்கு. தான் அமர்த்திய ஜான் பேலியல் தனக்கு அடங்கவில்லை என்று 1296இல் அவர் படையெடுத்து வந்தபோது, கேலோவே மக்களைத் தன் பக்கம் இழுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தாமஸை வெளியே கொண்டுவந்தார். கேலோவேயின் பழைய உரிமைகளைத் திருப்பித் தருவதாகச் சாசனம் பிறந்தது. எண்பது வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்த அந்த மனிதர், இளைஞராக உள்ளே போனவர், பழுப்புத் தண்ணீர் ஓடும் ஆற்றங்கரையில் வெளிச்சத்தில் நின்றிருப்பார். சகோதரி இல்லை. சகோதரியின் கணவர் இல்லை. உள்ளே இருந்துகொண்டே அவர் தன் மருமக்கள் மூவர் இறந்த பின்னும் வாழ்ந்திருந்தார். தனக்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவரும் மிச்சம் இருந்திருக்க முடியாது. யாரிடம் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டிருப்பார்? ஒருவேளை கேலிக் மொழியே நாவில் தடுக்கியிருக்கும். அரசருக்கு வேண்டியது அவருடைய பெயர், அதுகூட ஒரு பருவத்துக்கு மட்டும். அதே ஆண்டு ஜூலையில் ஜான் பேலியலை நிறுத்தி, அவர் மேலங்கியில் தைத்திருந்த அரச சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்கள். டூம் டாபர்ட், வெற்றுச் சட்டை என்ற பெயர் அவருக்கு அன்றோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஆண்டில் மாமன் வெளியே வருகிறார், மருமகன் லண்டன் கோபுரத்துச் சிறைக்குப் போகிறார். இதில் நீதி இருப்பதாக என்னால் மகிழ முடியவில்லை. மருமகன் செய்த குற்றம்தான் என்ன?

அதற்குப் பின் அந்தத் தாள் வேகமாகக் கீழே இறங்குகிறது. டெவோர்கில்லாவின் மகள் எலினார் பெற்ற ஜான் காமினை, 1306 பிப்ரவரி 10ஆம் நாள் டம்ஃப்ரீஸ் நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கோவிலில், வழக்கில் தோற்ற கிழவரின் அதே பெயருடைய பேரன் ராபர்ட் புரூஸ் குத்தினார். அந்தக் கோவிலை எழுப்பியவர் டெவோர்கில்லா என்று சொல்வார்கள். குத்தியவரும் குத்துப்பட்டவரும் அக்கா தங்கையின் கொள்ளுப்பேரன்கள். ஆறு வாரத்தில் புரூஸ் முடி சூடினார். ஜான் பேலியல் முன்னோர் புறப்பட்டு வந்த பிகார்டிக்கே திரும்பி 1314இல் அங்கே கண்மூடினார். ஜான் என்ற பெயரே அரியணைக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. 1390இல் ஜான் ஸ்டூவர்ட் என்ற இளவரசர் முடி சூடும்போது ராபர்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார். பேலியலின் மகன் எட்வர்ட் 1332இல் ஸ்கூன் நகரில் முடி சூடி, மூன்று மாதத்தில் அனான் நகரிலிருந்து நள்ளிரவில் தப்பியோடினார். நான் முற்றிலும் எதிர்பாராத ஒன்று இங்கே இருக்கிறது: அவரைக் கடைசிவரை தாங்கி நின்றவர்கள் கேலோவே மக்கள். அவர்கள் கடலோரத்தில் ஹெஸ்டன் என்ற சின்னத் தீவில், அலை வற்றினால் மண் தெரியும் இடத்தில், அவர் ஒரு வீடு வைத்திருந்தார். எந்தக் குடும்பத்துக்கு எதிராக அந்த மக்களின் பாட்டன்மார் தாமஸோடு நின்றார்களோ, அந்தக் குடும்பத்தின் கடைசி ஆண்மகனைப் பேரன்மார் எங்கள் பழைய பிரபுவின் வழி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆலனின் குருதி என்பதால். நூறு ஆண்டில் டெவோர்கில்லாவின் வழி அவர்களுக்குச் சொந்த வழியாகிவிட்டது. தாமஸின் பெயர் அந்த இடத்திலிருந்தும் நழுவிவிட்டது. இதை அறிந்தபோது எட்வர்ட் அரசரின் சூழ்ச்சியைவிட இது என்னை அதிகம் வருத்தியது.

1356 ஜனவரி 20ஆம் நாள் ராக்ஸ்பரோவில், கிழடாகி ஓய்ந்த எட்வர்ட் பேலியல் தன் உரிமை முழுவதையும் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டுக்கு ஒப்படைத்தார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியம். ஒப்படைத்ததற்கு அடையாளமாகத் தன் முடியையும் தரையிலிருந்து அள்ளிய ஒரு பிடி மண்ணையும் கல்லையும் அரசர் கையில் கொடுத்தார். 1364இல் பிள்ளையில்லாமல் இறந்தார். தாளில் கனத்த கோடு அங்கே முடிகிறது, புள்ளிக் கோடு முடிந்ததுபோலவே, அதற்குக் கீழேயும் வெறும் தாள். அந்தப் பிடி மண்ணைப் பற்றி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத எழுத என் கை ஏனோ மேலே, பழைய இடத்துக்கே போகிறது. ஒரு நாள் மதியம். பந்தி கூடியிருக்கிறது. முக்காடிட்ட பெண் அமர்ந்திருக்கிறார், பக்கத்து இருக்கையில் தந்தப் பேழை. பரிமாறுகிறவர் குனிந்து பேழையின் முன் ஒரு தட்டு வைக்கிறார், ஆவி பறக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து வாசலில் காத்திருக்கும் ஏழைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அதே வேளையில், மலைநாடுகள் தாண்டி டீஸ் ஆற்றங்கரையில், அந்தக் குடும்பத்து அடுக்களையிலிருந்தே இன்னொரு தட்டு கிளம்பி, படிக்கட்டில் கீழே இறங்கிப் போகிறது.